காபி டம்ளர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு 41 வயது. ஆறு வருடமாகத் தினமும் ராத்திரி குடிக்கிறார். முன்பு ஒரு குவார்ட்டர், இப்போது ஆஃப். சத்தம் போடமாட்டார், வேலைக்கு மட்டம் போட்டதில்லை. “எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா இருப்பான், அவனைப் போய் குடிகாரன்ங்கிறியே” என்கிறார் மாமியார். ஆனால் காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள சகோதரி,

இல்லை. அந்த டம்ளரை நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

குடிநோயாளி என்றதும் நமக்குத் தெருவில் விழுந்து கிடப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். என் பெரியப்பா ஒருநாளும் விழுந்ததில்லை. ஆபீஸில் கையெழுத்துப் போடக் கை நிற்க வேண்டுமென்று காலையிலேயே ஒரு வாய் ஊற்றிக்கொள்வார். ஊரே அவரை ‘ஸ்டெடி’ என்றது. உடம்பு மதுவுக்குப் பழகி, பழைய அளவு போதாமல் போவதுதான் அந்த ஸ்டெடி. குவார்ட்டர் ஆஃப் ஆனதும் அதனால்தான். உங்கள் மாமியார் பெருமையாகச் சொல்வது நோயின் அறிகுறி.

டாக்டர்கள் நான்கு கேள்வி கேட்பார்கள். குறைக்க வேண்டுமென்று நினைத்ததுண்டா? யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்றவுணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றாலே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். பெரியப்பாவுக்கு அப்படித்தான் கட்டினோம். மூன்றாம் நாள், சுவரெல்லாம் எறும்பு என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு நிறுத்த வைப்பார்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, அங்கே நீங்கள் போங்கள்.

அவரிடம் ராத்திரியில் பேச வேண்டாம். காலையில், டம்ளர் கையில் இருக்கும்போது, “கை நடுங்குதே, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?” என்று கேளுங்கள். அப்புறம், அவர் எவ்வளவு குடிக்கிறார் என்று டாக்டர் கேட்டால் மானத்துக்குப் பயந்து குவார்ட்டர் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்தை முடிவு செய்வார்.