விடிஐ-யில் பிரவுசர் வீடியோ ஓடினால் சர்வர் திணறுகிறது, புது சர்வர் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

கேள்வியின் சாரம் இதுதான்: எல்லாருக்கும் வர்ச்சுவல் டெஸ்க்டாப் (விடிஐ என்பது இதைத்தான்: டெஸ்க்டாப் சர்வரில் ஓடும், மேசையில் இருக்கும் கருவி அதன் திரையை மட்டும் காட்டும்), சர்வரில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், கிடையாது, சிலர் ஒரே நேரத்தில் பிரவுசரில் வீடியோ ஓடவிட்டால் மற்றவர்களுக்கு எக்செலில் கர்சர்கூட நகர மறுக்கிறது. என்ன செய்யலாம்?

நிறையவே செய்யலாம். விடிஐ பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, இந்தப் புகார் எனக்கு ரொம்பப் பழகியது. வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று: ஜிபியு கார்டு விலை விசாரிக்கக் கிளம்புவார்கள், இல்லையென்றால் யூடியூபை மொத்தமாக மூடிவிடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த வீடியோ சர்வருக்குள் வந்து போக வேண்டிய அவசியம்தான் என்ன என்பது.

நம் மேசையில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரில் வீடியோ சுருக்கப்பட்ட வடிவில் வருகிறது, கிராஃபிக்ஸ் சிப் அதை டீகோட் செய்து, அதாவது விரித்து, திரையில் போடுகிறது, சிபியுவுக்குப் பெரிதாக வேலையே இல்லை. ஜிபியு இல்லாத வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் அந்த டீகோட் வேலை முழுக்க சிபியு தலையில் விழுகிறது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. விரித்த படத்தைப் பக்கத்தில் மற்ற எழுத்து, பட்டன் எல்லாவற்றோடும் சேர்த்து ஒட்டுவதும் சிபியுதான், அப்படி ஒட்டிய திரையை கருவிக்குக் கொண்டுபோகும் ரிமோட் புரோட்டோகாலுக்காக (விண்டோஸின் ஆர்டிபியோ, சிட்ரிக்ஸோ, ஹொரைசனின் பிளாஸ்டோ எதுவானாலும்) மறுபடி என்கோட் செய்து, அதாவது சுருக்கி, அனுப்புவதும் சிபியுதான், கடைசியில் பயனர் முன்னால் இருக்கும் கருவி அதை இன்னொரு தடவை டீகோட் செய்கிறது. ஒழுங்காகக் கட்டி வந்த பார்சலை நடுவழியில் பிரித்து மறுபடி கட்டி அனுப்புகிற கதை. அளவையும் பாருங்கள்: 1920×1080 திரையில் ஒரு ஃபிரேமுக்கு, பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால், சுமார் 8.3 எம்பி. விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 249 எம்பி. ஒரே ஒரு ஆள் முழுத்திரையில் பார்க்கும் வீடியோவுக்கு விரித்த நிலையில் இவ்வளவு டேட்டா மெமரிக்குள் புரள்கிறது. திரை 4கே என்றால் அப்படியே நான்கு மடங்கு.

ஆகச் செலவு இரண்டு இடத்தில் இருக்கிறது, டீகோட் ஒன்று, என்கோட் ஒன்று. எது உங்களைத் தின்கிறது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தால் நாள் போவதுதான் மிச்சம்.

டீகோட் பக்கம் பார்க்க, அந்த டெஸ்க்டாப்பில் குரோமிலோ எட்ஜிலோ ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் சிபியுவைக் குடிக்கிறது என்று அங்கே தெரியும். 'ஜிபியு பிராசஸ்' என்ற வரியும் இருக்கும், ஜிபியுவே இல்லாத மெஷினில் அது சிபியுவை வாரிக்கொண்டிருந்தால் திரையை ஒட்டும் வேலை சாஃப்ட்வேரில் நடக்கிறது என்று அர்த்தம். என்கோட் பக்கத்துக்கு, ஆர்டிபி என்றால், பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் 'ரிமோட்எஃப்எக்ஸ் கிராஃபிக்ஸ்' என்ற பிரிவைப் பாருங்கள். (பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியுவை (ஒரு ஜிபியுவைப் பல வர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குப் பங்கிடும் வசதி) மைக்ரோசாஃப்ட் 2020-ல் பாதுகாப்புக் காரணத்துக்காக முடக்கிவிட்டது, கவுன்ட்டரில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது.) அதில் சராசரி என்கோடிங் நேரம் 33 மில்லிசெகண்டைத் தாண்டினால் விநாடிக்கு 30 ஃபிரேம் கொடுக்க சர்வருக்குத் தெம்பில்லை. அதே பிரிவில், விட்டுப்போன ஃபிரேம்கள் சர்வரால் போனதா, நெட்வொர்க்கால் போனதா, பயனர் கருவியால் போனதா என்று மூன்று தனித்தனிக் கவுன்ட்டர்கள் உண்டு. இந்த மூன்றையும் பார்க்காமல் 'நெட்வொர்க் ஸ்லோ' என்று பழி போடுகிறவர்கள் எத்தனையோ பேர். விஎம்வேர் ஹோஸ்ட் என்றால் அதன் இஎஸ்எக்ஸ்டாப் என்ற கண்காணிப்புக் கருவியில் ரெடி நேரத்தையும் (சிபியு கிடைக்கக் காத்திருந்த நேரம்) சேர்த்துப் பாருங்கள். விஎம் (வர்ச்சுவல் மெஷின்) உள்ளே சிபியு 60 சதவீதம்தான் என்று காட்டும், ஆனால் வெளியே கோருக்காக வரிசையில் நின்றுகொண்டிருக்கும், எக்செல்காரர் திட்டுவது அந்தக் காத்திருப்பை.

இனி மருந்து. முதல் மருந்து ரீடைரக்‌ஷன். வீடியோவை சர்வர் தொடவே கூடாது, அது போக வேண்டிய இடத்தை மட்டும் பயனர் கருவிக்குச் சொல்ல வேண்டும், கருவியே இணையத்திலிருந்து எடுத்து, தன் சிப்பில் டீகோட் செய்து, அந்தச் சதுரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். சிட்ரிக்ஸில் இதற்குப் பெயர் பிரவுசர் கன்டென்ட் ரீடைரக்‌ஷன், பக்கத்தையே தூக்கிக் கொண்டுபோய்விடும். ஹொரைசனில் ஹெச்டிஎம்எல்5 மல்டிமீடியா ரீடைரக்‌ஷன் இருக்கிறது. அஜூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் மல்டிமீடியா ரீடைரக்‌ஷன், அது வீடியோ பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். எல்லாமே பிரவுசர் எக்ஸ்டென்ஷன் மூலம் வேலை செய்பவை, அதனால் எக்ஸ்டென்ஷனைப் பாலிசி (நிர்வாகி எல்லாருக்கும் மொத்தமாக வைக்கும் செட்டிங்) வழியாகக் கட்டாயமாக இறக்கிவிடுங்கள், பயனரை நம்பி விடாதீர்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை, பிரவுசர் ஜன்னலைப் பிடித்து வேகமாக இழுப்பது. ரீடைரக்ட் ஆகியிருந்தால் வீடியோ சதுரம் ஜன்னலுக்கு ஒரு கணம் பின்தங்கி, இழுபட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் ஜன்னலை வரைவது சர்வர், வீடியோவை வரைவது கருவி. இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தால் வீடியோ இன்னும் சர்வரில்தான் ஓடுகிறது. சிட்ரிக்ஸ் என்றால் பயனர் கருவியின் டாஸ்க் மேனேஜரில் 'ஹெச்டிஎக்ஸ் பிரவுசர் செஃப்' என்ற பிராசஸ் எழுந்திருக்கும்.

இதில் சிக்கல்களும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கருவி நேராக இணையத்துக்குப் போவதால் உங்கள் புராக்ஸி, ஃபில்டர் எல்லாவற்றையும் தாண்டிப் போகலாம், செக்யூரிட்டிக்காரர்கள் கண்டிப்பாக எழுந்து நிற்பார்கள். அதனால் எல்லாத் தளத்துக்கும் திறந்துவிடாமல் முகவரிப் பட்டியல் போட்டு, அதில் இருப்பவற்றுக்கு மட்டும் அனுமதியுங்கள். சர்வர் எடுத்துக் கொடுக்க, கருவி வரைந்துகொள்ளும்படியும் சிட்ரிக்ஸில் வைக்கலாம். கிளை அலுவலகத்தில் இணையம் ஒல்லியாக இருந்தால் அங்கே நெரிசல் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம், செஷனுக்குள்ளிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ திரையைப் பகிர்ந்தாலோ அந்த வீடியோ சதுரம் வெறுமையாகத் தெரியும், சர்வருக்கு அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாதே. ஹெல்ப்டெஸ்க்குக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் டிக்கெட் குவியும்.

கருவிக்கும் திராணி வேண்டும். பழைய தின் கிளையன்ட் (சர்வர் திரையைக் காட்டுவதற்கென்றே உள்ள சின்னக் கருவி) ஒன்றிடம் விபி9 கோடெக்கில், அதாவது அந்தச் சுருக்கும் முறையில், வந்த வீடியோவைத் தள்ளிவிட்டால் சர்வர் நிம்மதியாக இருக்கும், கருவி விக்கித்து நிற்கும். உதாரணமாக ராஸ்பெரி பை 4-ல் ஹெச்.264-க்கு ஹார்டுவேர் டீகோட் உண்டு, விபி9-க்குக் கிடையாது. வாங்கும்போது ராம் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்தெந்தக் கோடெக்கை ஹார்டுவேரில் டீகோட் செய்யும் என்றும் கேளுங்கள்.

சரி, ரீடைரக்‌ஷன் போடவே முடியாத இடம், செக்யூரிட்டி ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது கருவி ஆதரிக்கவில்லை. அப்போது சர்வரில் ஓடும் வீடியோவை மெலிய வைக்க வேண்டும்.

இங்கே நான் அதிகம் அழுத்திச் சொல்வது, யாரும் பார்க்காத வீடியோவை. செய்தித் தளத்தைத் திறந்தால் மூலையில் சத்தமில்லாமல் ஒரு கிளிப் ஓடும், பக்கத்தில் விளம்பரம் ஒன்று ஆடும். பயனர் அதை இரண்டாவது மானிட்டரில் திறந்து போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார். அவரைக் கேட்டால் 'நான் வீடியோவே பார்க்கலையே' என்பார், உண்மையும் அதுதான், ஆனால் சர்வர் நாள் முழுக்க அந்த விளம்பரத்தை டீகோட் செய்து, என்கோட் செய்து, அனுப்பிக்கொண்டே இருக்கிறது. யூடியூப் பார்ப்பவராவது பத்து நிமிடத்தில் மூடிவிடுவார். தானாக ஓடுவதைத் தடுக்கும் பாலிசி குரோமிலும் எட்ஜிலும் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, குரோமின் இயல்பான விதிப்படி மியூட்டில் ஓடும் வீடியோவுக்கு எப்போதும் அனுமதி உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பாலிசியில் சத்தம், படம் இரண்டையும் சேர்த்தே தடுக்கலாம். குரோம், எட்ஜ் என்றால் விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் பாலிசி வழியாக எல்லாருக்கும் இறக்குவதுதான் உருப்படியான வழி, யூபிளாக் ஆரிஜின் லைட் மாதிரி. காசு செலவில்லாமல் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான் என்பது என் கருத்து.

அடுத்தது கோடெக். பிரவுசரால் முடியும் என்று தெரிந்தால் யூடியூப் விபி9, ஏவி1 வடிவில் அனுப்பும். அவர்களுக்கு பேண்ட்விட்த் மிச்சம், ஜிபியு இல்லாத நம் சிபியுவுக்குப் பொதுவாகக் கூடுதல் சுமை. ஓடும் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' எடுத்தால் எந்தக் கோடெக், எத்தனை ஃபிரேம் விட்டுப்போனது எல்லாம் தெரியும். ஹெச்.264-ஐயே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, ஹெச்264இஃபை அதில் பிரபலமானது. இதில் கூடுதல் நன்மை, ஹெச்.264-ல் யூடியூப் பொதுவாக 1080பி-க்கு மேல் கொடுப்பதில்லை, அதனால் 4கே தேர்வு தானாகவே காணாமல் போய்விடும். உங்கள் சிபியுவில் எவ்வளவு குறைகிறது என்று ஒரே வீடியோவை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் எல்லாருக்கும் போடுங்கள்.

என்கோட் பக்கத்தில், ஃபிரேம் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆர்டிபி, சிட்ரிக்ஸ், பிளாஸ்ட் மூன்றிலும் இயல்பான உச்சம் விநாடிக்கு 30. ஃபைலும் மெயிலும் பார்ப்பவர்களுக்கு 15-லிருந்து 20 வரை போதும், வீடியோ கொஞ்சம் தத்தும், வேலை கெடாது. ஆனால் இது என்கோடை மட்டும்தான் குறைக்கும். பிரவுசர் உள்ளே பழையபடி 30 ஃபிரேமையும் டீகோட் செய்துகொண்டேதான் இருக்கும், பாதி ஃபிரேமைக் குறைத்தும் சிபியு பாதியாகவில்லையே என்று யாராவது கேட்டால் காரணம் இதுதான். சிட்ரிக்ஸில் வீடியோ கோடெக்கை முழுத்திரைக்கும் போடாமல், மாறிக்கொண்டே இருக்கும் பகுதிக்கு மட்டும் போடும்படி பாலிசி இருக்கிறது, ஜிபியு இல்லாத இடத்தில் அதை வையுங்கள், எழுத்தும் தெளிவாக இருக்கும்.

ஒரே விண்டோஸ் சர்வரைப் பலர் பகிர்கிற அமைப்பு என்றால், ஒருவர் மொத்த சிபியுவையும் விழுங்காமல் பங்கு பிரிக்கும் வசதி 2008 ஆர்2-விலிருந்தே விண்டோஸ் சர்வரில் இருக்கிறது. அது சுமையைக் குறைக்காது, எக்செல்காரரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். மீட்டிங் வீடியோ தனி விஷயம், டீம்ஸ், ஜூம் இரண்டுக்கும் விடிஐ-க்கென்றே பிளக்இன் உண்டு, அதைப் போடாமல் பிரவுசரில் மீட்டிங் நடத்த விடாதீர்கள்.

உள் பயிற்சி வீடியோவை மறந்துவிடுகிறார்கள். 'இன்று மாலைக்குள் எல்லாரும் பார்த்தாக வேண்டும்' என்று மெயில் வந்த அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒன்றாக பிளே அழுத்துவார்கள். அந்த ஃபைல் உங்கள் கையில் இருக்கிறது என்பதால் இதைச் சரிசெய்வது சுலபம்: 720பி, ஹெச்.264, பெரும்பாலும் ஸ்லைடுதான் என்றால் 15 ஃபிரேம், அந்தத் தளத்தை ரீடைரக்‌ஷன் பட்டியலில் சேருங்கள், மெயிலைத் துறைவாரியாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் மட்டும் ஜிபியு. விடிஐ-க்கென்றே வந்த என்விடியா ஏ16 கார்டில் நான்கு ஜிபியு, ஒவ்வொன்றுக்கும் 16 ஜிபி மெமரி, டீகோட், என்கோட் இரண்டுக்கும் தனிச் சர்க்யூட். விஜிபியு லைசென்ஸ் தனிச் செலவு, பட்ஜெட் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டு வந்து உட்கார்ந்த பிறகும் பிரவுசர் அதைப் பயன்படுத்துகிறதா என்று குரோமின் ஜிபியு பக்கத்தில் (chrome://gpu) 'வீடியோ டீகோட்' வரியைப் பாருங்கள். ஆர்டிபி-யில் ஹெச்.264 ஹார்டுவேர் என்கோடிங்குக்கான குரூப் பாலிசியை நாம்தான் தனியாக ஆன் செய்ய வேண்டும், கார்டைச் செருகினால் தானாக வந்துவிடாது.