அண்ணன் போட்ட கணக்கு

வணக்கம் சார்,

அம்மா படுத்த படுக்கையாகி ஒன்றரை வருடம் ஆகிறது. நான்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். அதற்காக வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டேன். அண்ணன் பொருளாதாரம் படித்தவர், நல்ல சம்பளம், வேறு ஊர். மாதம் தவறாமல் பணம் அனுப்பிவிடுவார். "என் ஒரு மணி நேரம் உன் நேரத்தைவிடப் பல மடங்கு பெறும். நான் சம்பாதிக்கிறேன், நீ பார்த்துக்கொள். ரெண்டு பேருக்கும் லாபம்" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. என் நேரத்துக்கும் மணிக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. இல்லை, குடும்பத்துக்குள் பொருளாதாரம் பேசுவதே தப்பா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

தப்பில்லை. அண்ணன் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

அவர் சொல்வது சொந்தச் சரக்கும் அல்ல. இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் ஒயினையும் வைத்து 1817இல் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ சொன்ன ஒப்பீட்டு அனுகூலம்தான் அது: யாருக்கு எந்த வேலையில் இழப்பு குறைவோ அவர் அதைச் செய்து பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் லாபம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரி பெக்கர். 1992இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனவே அண்ணனை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அவர் மாதச் சம்பளக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு இருந்தால் சம்பளத்தில் ஒரு காசும் குறையாது. சம்பளத்தை மணிகளால் வகுத்து வருவதல்ல நேரத்தின் விலை. அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருப்போமோ, அதில் சிறந்தது எதுவோ அதுதான் விலை. ஞாயிறு பிற்பகலில் அது பெரும்பாலும் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதும் அப்புறம் ஒரு தூக்கமும்தான். (என் வீட்டு நிலவரம் இது. அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியாது.) பயணச் செலவைச் சேர்க்கட்டும், நியாயம். சேர்த்தாலும் அவர் சொல்லும் தொகை வராது.

உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்ந்தது அதிகாலை 3.10க்கு. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். அப்படி எழுந்து திருப்பிவிட்டு, போன தூக்கம் வராமல் எழுதினீர்களோ என்னவோ. எல்லா மணி நேரமும் ஒரே விலை அல்ல. நாளில் முதல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வது யாருக்கும் பெரிய இழப்பில்லை. பத்தாவது மணி உடம்பைத் தின்னும். கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு மணிக்கும் ஆகும் இந்தச் செலவைத்தான் விளிம்புச் செலவு என்று சொல்கிறார்கள். இன்று அண்ணன் கொடுக்கும் முதல் மணி மலிவு, நீங்கள் கொடுக்கும் பத்தாவது மணி கொள்ளை விலை. அவருடைய பாடப்படியே பார்த்தாலும் சில மணிகள் அவர் பக்கம் போயாக வேண்டும்.

இன்னொன்று. ஆரம்பத்தில் உங்கள் இருவர் சம்பளத்துக்கும் இருந்த இடைவெளி, நீங்கள் பாதி நேரத்துக்கு மாறிய பிறகு கூடிக்கொண்டே போகும். அப்படிக் கூடியதையே அடுத்த வருடம் அவர் காரணமாகக் காட்டுவார்.

சரி, மணிக்கு இவ்வளவு என்று கேட்கலாமா? இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். அபராதம் கூடினால் தப்பு குறையும் என்பது பெக்கர் வழிக் கணக்கு. இஸ்ரேலின் ஹைஃபாவில் பத்து குழந்தைகள் காப்பகங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. நமக்காக ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் அதுவரை பெற்றோரைப் பிடித்து வைத்திருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது, கட்டிவிட்டால் கூச்சம் எதற்கு? பிறகு அபராதத்தை எடுத்தபோதும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை.

அண்ணன் அனுப்பும் பணம் ஏற்கனவே அப்படி ஒரு கட்டணமாகிவிட்டது என்பது என் சந்தேகம். வராமல் இருப்பதற்கு மாதாமாதம் கட்டிவிடுகிறார். நீங்கள் மணிக் கூலி கேட்டால் அதற்கு ரசீது கொடுத்ததுபோல் ஆகும். உங்கள் வருமான இழப்பை ஈடுசெய்யப் பணம் கேளுங்கள், அது வேறு, கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் மணிகளுக்குப் பதில் மணிகளையே கேளுங்கள். மாதத்தில் இரண்டு வார இறுதி அவர் வரட்டும், அந்த இரவுகளில் நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். மருத்துவரிடம் நேரம் வாங்குவது, மருந்து வரவழைப்பது, காப்பீட்டுப் படிவங்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் எந்த ஊரிலிருந்தும் செய்யக்கூடியவை. அவற்றை முழுசாக அவரிடம் தள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வாரம், எந்த மணியில் யார் என்ன செய்தார்கள் என்று இரவு உட்பட எழுதி, எக்செல்லில் போட்டு அனுப்புங்கள். பொருளாதாரம் படித்தவர், எக்செல் என்றால் திறந்து பார்த்துவிடுவார்.