கண்டின்ஸ்கியைப் பலகையில் ஏற்றலாமா?

கேள்வி: புது வீட்டு ஹோலில் ஒரு பெரிய சுவர் வெறுமனே கிடக்கிறது. ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியின் ‘கொம்பொசிஷன் 8’ படத்தை மரப்பலகையில் பிறின்ட் பண்ணிக் கொழுவ ஆசை. நன்றாக வருமா? எங்கள் வெயிலுக்கும் மாரிக்கும் நின்று பிடிக்குமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: வரும், ஆனால் கடைக்காரரிடம் ஒரு விஷயம் முதலே கதைத்துவிடுங்கள். யூவி மெஷினில் (மையைப் புற ஊதா ஒளியால் உடனே காயவைக்கும் பிறின்டர்) பலகைமேல் நேரே அடிக்கும்போது அடியில் வெள்ளை மை போடலாம், போடாமலும் விடலாம். போட்டால் நிறங்கள் மூலப்படத்துக்குக் கிட்ட வரும், ஆனால் மரம் மறைந்துவிடும், அதற்குப் பிறகு மரத்துக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்? நான் என்றால் போட வேண்டாம் என்பேன். இந்தப் படத்தில் வட்டம், முக்கோணம், ஊசி போன்ற கோடுகள், இடையில் நிறைய வெளிறிய இடம். அந்த இடமெல்லாம் மரத்தின் நிறமாகி, ரேகை கோடுகளுக்குள்ளால் ஓடும்போது அழகாகவே இருக்கும். பலகை மட்டும் வெளிறியதாக இருக்கட்டும். தேக்கு போன்ற கபில நிற மரத்தில் நீலம் செத்துப்போகும். அதே பலகைத் துண்டில் சின்னதாக ஒன்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதையே அமெரிக்க ஓவியர் ரொத்கோவின் படத்துக்குச் செய்யாதீர்கள். அவர் நிறத்தை மெல்லிய படைகளாகப் பூசிப் பூசி ஆழம் கொண்டுவந்தவர், அதற்குக் குறுக்கே மர ரேகை ஓடினால் எல்லாம் போச்சு.

கண்டின்ஸ்கியின் மூலப்படம் 1923இல் வரைந்தது, நியூயோர்க் குகன்ஹைம் மியூசியத்தில் இருக்கிறது, ஏறத்தாழ 2 மீற்றர் அகலம், 1.4 மீற்றர் உயரம். சதுரப் பலகைக்கு வெட்டித் தருகிறோம் என்றால் விடாதீர்கள், மேலே இடப்பக்கம் இருக்கும் அந்தப் பெரிய கறுப்பு வட்டத்தில் கத்தி விழும். 3 அடி அகலம் என்றால் 5,400 பிக்சலாவது வேண்டும், வட்ஸ்அப்பில் வந்த படம் சரிவராது.

மாரிக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஓரம் தண்ணியைக் குடித்து ஊதிவிடும். நல்ல பிளைவூட் எடுத்து, பின்பக்கமும் நாலு ஓரமும் வார்னிஷ் அடித்து, சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் இடைவெளி இருக்கும்படி பின்னால் கட்டை வைக்க ஓடாவியிடம் சொல்லுங்கள், காற்றும் போகும், கறையான் ஏறினாலும் கண்ணில் படும். பின்னேர வெயில் விழும் சுவர் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: இப்படிப் பிரதி எடுப்பது களவு இல்லையா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கலைஞரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. கண்டின்ஸ்கி 1944இல் இறந்தவர், ஆகவே பிரச்சினை இல்லை. ரொத்கோ இறந்தது 1970இல், கணக்கு நீங்களே பாருங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வரைந்ததை முகப்புத்தகத்தில் இருந்து இறக்கி அடிப்பது மட்டும் சுத்தக் களவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள், மூலப்படமே கிடைக்கலாம்.

கேள்வி: “இது என்ன படம்?” என்று மாமா கேட்டால் என்ன சொல்ல?
– மருமகள், நல்லூர்

பதில்: கண்டின்ஸ்கி செலோ (வயலின் போன்ற பெரிய வாத்தியம்) வாசித்தவர், படங்களுக்குப் பெயரையும் இசையில் இருந்துதான் எடுத்தார். திருவிழாவில் தனித் தவில் கேட்கும்போது அது என்ன சொல்லுது என்று மாமா கேட்கிறவரா? அதைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹோலை விட்டுவிட்டு உங்கள் அறையில் கொழுவுங்கள்.