மெஷின் தண்ணீரும் கப்பி மீனும்

கேள்வி: வணக்கம் அண்ணே. பாகான் செராய் பக்கத்தில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். மகன் இரண்டடித் தொட்டியில் கப்பி வளர்க்கிறான். குழாய்த் தண்ணீர் சில நாள் கலங்கலாக வருகிறது என்று, கடைத்தெரு மெஷினில் குடிதண்ணீர் பிடித்து வந்துதான் ஊற்றினோம். அதற்கும் ஆண்டி குளோரின், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) ஏற்றும் மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் விட வேண்டும் என்கிறார் மீன் கடைக்காரர். சுத்தம் செய்த தண்ணீருக்கு எதற்கு மருந்து? இதற்கிடையே மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன. போன வாரம் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, ஆண்டி குளோரின் விட்ட குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மறுநாள் காலையில் பாதி மீன் செத்துக் கிடந்தது. மகன் சாப்பிடக்கூட இல்லை.
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, தம்பியிடம் முதலில் சொல்லுங்கள்: மீன் செத்தது அவன் கவனிக்காததால் இல்லை. நீங்களும் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறீர்கள்.

மெஷின் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடித்த தண்ணீர் என்றால் ஆண்டி குளோரின் தேவையே இல்லை. ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் கெடுத்துவிடும். அதனால் சவ்வுக்கு முன்பே கரி வடிகட்டி வைத்துக் குளோரினை எடுத்துவிடுவார்கள். எல்லா மெஷினும் ஆர்.ஓ. இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி இரண்டு தண்ணீரையும் அளந்து பாருங்கள். மெஷின் தண்ணீரின் எண், குழாய்த் தண்ணீரின் எண்ணில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் ஆர்.ஓ.தான். வீட்டு வாசலில் வைக்கும் மணல் ஃபில்டர் இந்தக் கணக்கில் சேராது. அது சேற்றைப் பிடிக்கும், குளோரினை விட்டுவிடும்.

உங்கள் தொட்டியின் பிரச்சினை வேறு. அந்தச் சவ்வு அழுக்கோடு சேர்த்துக் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. நன்னீர் மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். செவுள் வழியாக அது கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவைக் குறைப்பது தண்ணீரில் உள்ள கால்சியம். நம் சதுப்புக்காட்டுக் கறுப்புத் தண்ணீரில் வாழும் ஹார்லெக்வின் ரஸ்போரா மீனுக்கு இது பெரிய விஷயமில்லை. கப்பிக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் வேண்டும்; மெஷின் தண்ணீரை மட்டுமே ஊற்றினால் சோர்ந்துதான் நிற்கும்.

அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் இல்லாமல் போனது அதைவிடப் பெரிய கெடுதல். மீன் கழிவில் வரும் அமோனியாவை ஃபில்டரில் உள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மை செலவாகும். மெஷின் தண்ணீரில் செலவழிக்கத்தான் ஒன்றுமே இல்லையே! பிஎச் 6-க்குக் கீழே இறங்கும், பாக்டீரியா சுணங்கிவிடும், அமோனியா சேரும். ஆனால் அந்த அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அமோனியமாக இருக்கும். அமோனியம் அவ்வளவு விஷமில்லை. பிஎச் ஒரு படி ஏறினால் விஷ அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். நீங்கள் ஒரே நாளில் பாதித் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் விட்டதும் பிஎச் சட்டென்று ஏறி நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஆண்டி குளோரின் குளோரினை எடுத்திருக்கும்; ஏற்கெனவே தொட்டியில் சேர்ந்திருந்ததை அது என்ன செய்யும்?

தண்ணீரின் காரத்தன்மையை அளக்கும் கேஎச் டெஸ்ட் ஒன்று வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டு ஆகிறதோ அத்தனை டிகிரி. மெஷின் தண்ணீர் முதல் சொட்டிலேயே மஞ்சளாகும். அதில் பிஎச் ஏற்றும் மருந்தை விட்டால் ஏறிய வேகத்தில் இறங்கும், அந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டிவிடும். பாக்டீரியா மருந்தும் அந்தத் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது. இரண்டையும் வாங்க வேண்டாம்.

இப்போதைக்குத் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஆண்டி குளோரின் விட்ட குழாய்த் தண்ணீரைத் தினமும் பத்தில் ஒரு பங்கு மட்டும், அதாவது 6 லிட்டர் அளவுக்கு மாற்றுங்கள். கலங்கலாக வந்தால் வாளியில் தெளிய வைத்து மேல்தண்ணீரை எடுங்கள். அமோனியா டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு, கேஎச் 3-க்குக் குறைவாக இருந்தால் கெராங் சிப்பி ஓட்டை நன்றாகத் தேய்த்து, கொதிக்க வைத்து, ஒரு கைப்பிடி ஃபில்டரில் போடுங்கள். கோலா குராவ் பக்கம் போனால் சுலபமாகக் கிடைக்கும். மெதுவாகக் கரைந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொடுக்கும். அவசரப்பட்டு இப்போதே போட்டுவிடாதீர்கள், பிஎச் ஏறிவிடும்.

அப்புறம், கப்பிக்காக மெஷினில் காசு போட்டுத் தண்ணீர் தூக்குவதை விட்டுவிடுங்கள். டிஸ்கஸ் மீன் முட்டை வைக்கும் தொட்டிக்கு ஆர்.ஓ. வேண்டும் என்பவர்கள்கூட, குழாய்த் தண்ணீரோ தாது உப்போ கலந்துதான் விடுகிறார்கள்.

கேள்வி: தாத்தாவின் லயத்து வீட்டில் பிடிக்கும் மழைத்தண்ணீரைச் சண்டை மீனுக்கு விடலாமா மாமா?
– ஒரு மாணவன்

பதில்: மழைத்தண்ணீரும் கிட்டத்தட்ட ஆர்.ஓ. தண்ணீர் மாதிரிதான் ஐயா, தாது இருக்காது. குளோரின் எடுத்த குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடு, ஒரு காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் போடலாம். லயத்துக் கூரை துத்தநாகத் தகரமாக இருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடாதே. துத்தநாகம் மீனுக்கு விஷம், தாது குறைந்த தண்ணீரில் அதன் கடுமை இன்னும் கூடும். திறந்த வெளியில் வாளி வைத்துப் பிடி.