போலந்தின் பெண்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் போலந்தில், வ்ரோத்ஸ்வாஃப் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கருக்கலைப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் 2020ல் இங்கே நடந்த போராட்டங்களை ஒரே வரியில் பாராட்டிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அதை நேரில் பார்த்தவன். எங்கள் அலுவலகத்தில் அதிர்ந்து பேசாத பெண்கள்கூட அட்டையில் கெட்ட வார்த்தை எழுதிக்கொண்டு தெருவில் நின்றார்கள். பூசை நேரத்தில் தேவாலயங்களுக்குள் புகுந்து கோஷம் போட்டவர்களும் உண்டு.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். குறைபாட்டோடு பிறக்கப்போகும் குழந்தையைக் கருவில் அழிக்கக் கூடாது என்றுதானே நீதிமன்றம் சொன்னது? என் அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தது, இத்தனை கூட்டம் கூடி, கடைசியில் ஆட்சியே மாறியும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கூச்சலால் என்ன பயன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அக்கா மகனிடமிருந்தே தொடங்குகிறேன். கேள்வியின் கனம் அங்கேதான் இருக்கிறது.

போலந்தின் 1993ம் ஆண்டுச் சட்டம் மூன்று சூழல்களில் மட்டும் கருக்கலைப்பை அனுமதித்தது. பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, வல்லுறவு போன்ற குற்றத்தால் உண்டான கரு, கருவுக்குக் கடுமையான, சரிசெய்ய முடியாத குறைபாடு. 2020 அக்டோபர் 22 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் மூன்றாவதை நீக்கியது. 2019ல் அங்கே சட்டப்படி நடந்த 1,110 கருக்கலைப்புகளில் 1,074 இந்த மூன்றாவது காரணத்தால் நடந்தவை. பெயருக்கு இரண்டு வாசல்களை விட்டுவைத்து, எல்லோரும் போய்வந்த வாசலை அடைத்துவிட்டார்கள்.

அந்த 1,074ல் டவுன் சிண்ட்ரோம் கணிசமாக இருந்தது. அதை மறைத்துப் பேசமாட்டேன். மண்டையோடும் மூளையும் உருவாகாமல், பிறந்த சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடிய கருக்களும் அதில் இருந்தன. தீர்ப்பு இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது.

குறைபாடுள்ள குழந்தைகள் மீதான அக்கறையில் பிறந்த தீர்ப்பு என்றால், தீர்ப்பை வரவேற்றவர்கள் அந்தக் குழந்தைகளை எப்படி நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டாமா? 2018 ஏப்ரல் 18 அன்று, வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு சில தாய்மார்கள் வார்சாவில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலிகளோடு அங்கேயே தரையில் மெத்தை விரித்துத் தூங்கினார்கள். முக்கியமான கோரிக்கை, மாதம் 500 ஸ்லோட்டி (போலந்தின் நாணயம்) உதவித்தொகை. நாற்பது நாள் இருந்தார்கள். ஆட்சியில் இருந்தது 'சட்டமும் நீதியும்' கட்சி. ஓய்வூதியத்தைக் கொஞ்சம் உயர்த்தியது, கேட்ட பணத்தைக் கொடுக்கவில்லை. மே 27 அன்று அவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலுக்குச் சற்று முன்னால்தான், வருமான வரம்பு வைத்து, அந்த 500 வந்தது. கடுமையான குறைபாட்டோடு குழந்தையைப் பெறும் தாய்க்கு அதே அரசு ஏற்கெனவே வைத்திருந்த திட்டம் ஒன்று உண்டு: ஒரே ஒரு முறை 4,000 ஸ்லோட்டி. அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது தாய்க்கு எழுபது வயது என்பதை உங்கள் அக்கா இரவில் எத்தனை முறை நினைத்திருப்பார்? 4,000 ஸ்லோட்டி அதற்குப் பதிலாகுமா?

உங்கள் அக்கா அவனை வளர்க்கிறார். அந்த அன்பை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் மனமுவந்து செய்வதை இன்னொரு பெண் கட்டாயத்தின் பேரில் செய்ய வேண்டும் என்று ஒரு அரசு சொல்லும்போது, அதில் அன்பு எங்கே இருக்கிறது? வாழ்கிற மாற்றுத்திறனாளிக்குப் பள்ளி, சிகிச்சை, வேலை, தாய்க்குப் பிறகு ஒரு வீடு என்று கேட்டு அவனுக்காகப் போராடுங்கள், உங்களோடு நானும் வருகிறேன். கருவுற்ற பெண்ணைக் கட்டாயப்படுத்துவதால் அவனுக்கு இதில் எதுவும் கிடைத்துவிடாது.

சரி, ஏன் அவ்வளவு கோபம்? அந்தத் தீர்ப்பு வந்த வழியும் ஒரு காரணம். 1992ல் கருக்கலைப்பு பற்றிப் பொது வாக்கெடுப்பு கேட்டுப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை, மறு ஆண்டே சட்டம் வந்துவிட்டது. 2016ல் முழுத் தடை கேட்டு ஒரு மசோதா வந்தபோது, அக்டோபர் 3 அன்று பெண்கள் கறுப்பு உடையில், கொட்டும் மழையில் குடை பிடித்து நின்றார்கள். மூன்றே நாளில் நாடாளுமன்றம் மசோதாவை நிராகரித்தது. வாக்காளருக்குப் பயந்து அவையில் செய்ய முடியாததை, பிறகு 119 உறுப்பினர்கள் மனுவாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நீதிபதிகளில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆளுங்கட்சியின் காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சிலரது நியமனமே செல்லாது என்ற வழக்கும் இருந்தது. 2023 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த அமர்வு முறைப்படி அமைந்ததல்ல என்று சொல்லி, நெதர்லாந்துக்குப் போய் கருக்கலைப்பு செய்துகொள்ள நேர்ந்த ஒரு பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இன்னொன்று, நேரம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை. மக்கள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் அங்கே பலரும் நம்பினார்கள். அக்டோபர் 28 அன்று மட்டும் 410 இடங்களில் நாலு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டதாகப் போலீசே சொன்னது. இரண்டு நாள் கழித்து வார்சாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். பெருநகரங்களைவிடச் சிறிய ஊர்கள்தான் என்னைக் கலங்கவைத்தன. பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கிற ஊரில், போராட்டத்தின் அடையாளமான சிவப்பு மின்னல் வரைந்த முகக்கவசத்தோடு நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தேவாலயத்துக்குள் போனது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பூசையில் இருந்த முதியவர்கள் புண்பட்டிருப்பார்கள், அது எனக்கும் உவப்பில்லை. ஆனால் தீர்ப்பு வந்ததும் நன்றி சொன்னவர்களில் ஆயர் பேரவையின் தலைவரும் ஒருவர். ஆட்சிக்கட்சித் தலைவர் கச்சின்ஸ்கி, தேவாலயங்களை என்ன விலை கொடுத்தாவது காக்க வாருங்கள் என்று ஆதரவாளர்களை அழைத்தார். பலிபீடத்தையும் கட்சியையும் முதலில் ஒன்றாகக் கட்டியவர்கள் அந்தப் பெண்கள் இல்லையே. கெட்ட வார்த்தையைப் பொறுத்தவரை, 1992லிருந்து மரியாதையாகக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்வேன்.

தீர்ப்பு 2021 ஜனவரி 27 அன்று அரசிதழில் வெளியாகி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ப்ஷ்சினா என்ற ஊரின் மருத்துவமனையில் முப்பது வயதுப் பெண் ஒருவர் சேர்ந்தார். ஏற்கெனவே ஒரு மகளுக்குத் தாய். 22ம் வாரத்தில் பனிக்குடம் உடைந்திருந்தது. கருவின் இதயத்துடிப்பு நிற்கட்டும் என்று மருத்துவர்கள் காத்திருந்தார்கள். சட்டத்தின் காரணமாக இவர்களால் ஒன்றும் செய்ய முடியாதாம் என்று படுக்கையிலிருந்து தன் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். ரத்தத்தில் நச்சு பரவி இறந்துபோனார். உயிருக்கு ஆபத்து என்றால் கருக்கலைப்பு செய்யலாம் என்ற பிரிவு அப்போதும் சட்டத்தில் இருந்தது! சிறை பயம் வந்துவிட்ட மருத்துவருக்கு, ஆபத்து எப்போது போதுமான அளவு ஆபத்தாகிறது என்பது விளங்காமல் போய்விடுகிறது. 'இனி ஒருத்தியும் சாகக் கூடாது' என்று மறுபடி நாடு முழுக்கத் திரண்டார்கள். 2021ல் சட்டப்படி நடந்த கருக்கலைப்புகள் 107.

பயன் என்ன என்ற உங்கள் கேள்வி. 2023 அக்டோபர் 15 தேர்தலில் 74 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. 1989ல் கம்யூனிஸ்ட் ஆட்சியை அசைத்த தேர்தலில்கூட அவ்வளவு இல்லை. உங்கள் வ்ரோத்ஸ்வாஃபின் யாகோத்னோ பகுதியில் பின்னிரவு மூன்று மணி வரை குளிரில் வரிசை நின்றது, அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொடுத்தார்கள். நீங்கள் அப்போது அங்கேதானே இருந்தீர்கள்? அந்த வரிசைக்கு விலைவாசி, ஐரோப்பிய ஒன்றியம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் 2020ன் இலையுதிர் காலத்தில் முதன்முதலாகத் தெருவுக்கு வந்த இளம்பெண்களை விட்டுவிட்டு அதை விளக்க முடியாது.

பன்னிரண்டு வாரம் வரை அனுமதி என்று வாக்குறுதி தந்து, அந்தத் தேர்தலுக்குப் பிறகு பிரதமரான டஸ்க் அதை நிறைவேற்றவில்லை என்பது உண்மை. 2024 ஜூலை 12 அன்று, கருக்கலைப்புக்கு உதவுபவர்களுக்கான தண்டனையை நீக்கும் மசோதாகூட 218க்கு 215 என்று தோற்றது. கூட்டணிக்குள்ளிருந்த விவசாயிகள் கட்சியினர் பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். இந்தத் துரோகத்தை எண்ணி எனக்கும் ஆத்திரம்தான். அடுத்த மாதம் அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது: மனநலத்துக்கு ஆபத்து என்று ஒரு மனநல மருத்துவர் சான்று தந்தாலும் போதும். சட்டத்தில் ஓர் எழுத்து மாறாமல் கிடைத்த வழி இது. 2025 மார்ச் 8 அன்று, நாடாளுமன்றத்துக்கு எதிரேயே பெண்கள் ஓர் இடம் பிடித்து, மாத்திரை மூலம் கருக்கலைப்பு செய்துகொள்ள வருபவர்களுக்குத் துணையிருக்கும் மையம் ஒன்றைத் திறந்தார்கள். வாசலில் எதிர்ப்பாளர்கள் கூச்சலிடுகிறார்கள், உள்ளே வேலை நடக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் அன்று தெருவில் நின்ற பெண்களிடம் இதுவரை கேட்டிருக்கமாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து படுகிறது. கேளுங்கள். சொன்னதை எனக்கும் எழுதுங்கள், அவர்கள் சம்மதித்தால் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா