செருப்புக்குக் காவலிருந்த தாத்தா

கேள்வி: காலாண்டு விடுமுறையில் வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்வந்தோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. பெரிய கோயில், அரண்மனைக் கலைக்கூடம், கல்லணை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என 2 நாளில் 5 இடங்கள். பெரிய கோயிலுக்குள் நுழையும்போதே மணி 11.30. மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 'எப்போது கிளம்பலாம்' என்று கேட்டாள். மகன் அழுதுகொண்டே இருந்தான். கைப்பேசியைக் கொடுத்த பிறகுதான் அடங்கினான். மாமனாருக்கு முழங்கால் வலி என்பதால் செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரத்தநாட்டுக்காரர், புது ஆற்றில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இவையெல்லாம் பார்த்த இடங்கள்தான். மகன் இரண்டு முறை அவரிடம் ஓடிவிட்டான், இழுத்து வந்தோம். வீடு திரும்பியபின் அவன் குளியலறை வாளியில் சோப்புப் பெட்டியைச் செருகி 'ஷட்டர் திறக்கிறேன்' என்று விளையாடுகிறானே தவிர, கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் வீண் என்கிறார் கணவர். எத்தனை வயதுக்குப் பிறகு குழந்தைகளை இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போகலாம்?
வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். ஊரும் கோயிலும் மாறியிருக்கும், கேள்வி மாறியிருக்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் மற்றவர்கள் யாரும் எழுதாத ஒரு வரி இருக்கிறது. வேன் வாடகையைக் குறிப்பிடுவதுபோல அதைக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. மாமனார் செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டு வாசலிலேயே 'உட்கார்ந்துவிட்டார்' என்கிறீர்கள். அவராக உட்கார்ந்தாரா, உட்கார வைத்தீர்களா?

அவரே 'நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். வயதானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சத்தில் பசியைக்கூட மறைக்கிறவர்கள், முழங்கால் வலியைக் காரணமாக்கி ஒதுங்கிக்கொள்வதில் வியப்பில்லை. 'மாமா, மெதுவாகப் போகலாம், வாருங்கள்' என்று நீங்களாவது, அவர் பெற்ற மகனாவது ஒரு முறை சொன்னீர்களா? சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வாசலில் ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? அப்படி எதுவும் கடிதத்தில் இல்லை. 'அவருக்கு இவையெல்லாம் பார்த்த இடங்கள்தான்' என்ற சமாதானம் மட்டும் இருக்கிறது. பார்த்த இடம் என்பதற்காக ஒருவரை வாசலில் நிறுத்துவதா? பார்த்தவர் என்பதால்தானே அவரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போயிருக்க வேண்டும்?

லஸ்கர் என்றால் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சொல்லையும் நீங்கள் அவசரமாகவே கடந்திருக்கிறீர்கள். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அந்தத் திட்டத்தோடு சேர்த்துக் கல்லணையிலிருந்து வெட்டிய கால்வாயைத்தான் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் புது ஆறு என்கிறார்கள். அது நீங்கள் போன பெரிய கோயிலை ஒட்டியே ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தெற்கே போகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து கடைமடைக்குப் போய்ச் சேருகிற வரையில் வழியிலுள்ள ஒவ்வொரு மதகிலும் ஷட்டரை ஏற்றவும் இறக்கவும், அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்க்கவும், முறைவைத்துத் தண்ணீர் விடும்போது மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் மண்வெட்டியோடு வந்து நின்றால் நடுவில் நின்று பேசவும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையில் நடந்து உடைப்பு விழாமல் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் உங்கள் மாமனார். அவருடைய முழங்கால் எந்தக் கரையில் நடந்து நடந்து தேய்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். இரண்டு நாள் பயணத்தில் அவன் எதையும் கற்கவில்லை என்கிறீர்கள். வாளியில் சோப்புப் பெட்டியைச் செருகித் தண்ணீரைத் தடுத்து, பிறகு தூக்கிவிடுகிறானே, அது யார் சொல்லிக் கொடுத்தது? நீங்களா? கலைக்கூடத்துப் பலகையா? இரண்டு முறை ஓடிப்போய்த் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்த அந்தச் சில நிமிடங்களில், செருப்புக் குவியலுக்கு நடுவே இருந்துகொண்டு அந்த மனிதர் பேரனுக்குத் தம் வாழ்நாள் வேலையைக் கைப்பழக்கமாகவே கொடுத்திருக்கிறார். உங்கள் பயணத்தில் ஒழுங்காக நடந்த ஒரே பாடம் அது. அதிலிருந்துதான் குழந்தையை இழுத்து வந்து, கையில் கைப்பேசியைத் திணித்திருக்கிறீர்கள். இழுத்து வந்தோம் என்ற சொல்லை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அவர் கூட வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய கோயில் 1010இல் இராஜராஜன் கட்டி முடித்தது, விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம் என்பதை நீங்கள் மகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு 1010 என்பதும் 216 என்பதும் வெறும் எண்கள். அதே கோயிலின் கல்வெட்டுகளில் நெல் அளப்பதற்கு 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் வருகிறது. இறைவன் பெயரையே அளவைக்கு வைத்திருந்தார்கள். மரக்கால் எவ்வளவு இருக்கும், 12 மரக்கால் சேர்ந்த ஒரு கலத்தை எப்படித் தூக்குவார்கள், அளக்கிறவன் மரக்காலின் தலையில் குவிந்த நெல்லைத் தட்டாமல் விட்டால் யாருக்கு லாபம் என்பதையெல்லாம் ஒரத்தநாட்டுக் களத்தில் நின்றவரைவிட யார் சொல்ல முடியும்? கலைக்கூடத்தில் கண்ணாடிக்குள் நிற்கிற செப்புத் திருமேனிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உருவத்தை மெழுகில் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். சுவாமிமலையில் இன்றும் அந்த வேலைக்குக் காவிரி வண்டலைத்தான் எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் தூர் வாரும்போது காலடியில் கண்ட மண் எப்படி இருக்கும் என்று உங்கள் மாமனாரைக் கேட்டால் விரலைத் தேய்த்துக் காட்டியிருப்பார்.

கங்கைகொண்ட சோழபுரத்தை மட்டும் இரண்டு வரி கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே அவர் வேனிலேயே இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இராஜேந்திரன் வடக்கே வென்று வந்ததும் அங்கே வெட்டிய பேரேரி சோழகங்கம், இன்றைய பொன்னேரி. கங்கை நீரைக் கொண்டுவந்து கலந்த அந்த ஏரியை 'நீர்மயமான வெற்றித் தூண்' என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கல்லில் தூண் நாட்டாமல் தண்ணீரில் ஏன் நாட்டினான், இவ்வளவு தண்ணீரைத் தேக்கினால் கரை என்ன பாடுபடும், மதகு எங்கே இருக்க வேண்டும்? இவற்றுக்குப் பதில் சொல்லத் தகுந்த மனிதர் உங்கள் வேனிலேயே இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய கோயிலில் இராஜராஜன் வெட்டச் சொன்ன ஆணையில், தான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றும் கொடுத்தவர் கொடுத்தவை அனைத்தையும் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்று இருக்கிறது. அக்கன் என்றால் தமக்கை குந்தவை. பெருந்தச்சனின் பெயரும் அந்தக் கல்வெட்டுகளில் உண்டு, நாவிதரின் பெயரும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோயிலைக் கட்டியவன் தன் வீட்டுப் பெரியவரையும் வேலை செய்த கைகளையும் வெளியே நிறுத்தவில்லை. கல்லில் எழுதி உள்ளே வைத்தான். அதைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போன குடும்பம், தன் பெரியவரை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. உங்கள் மகள் எட்டு வயதுக்காரி. கல்வெட்டை அவள் படிக்கவில்லை, இதைப் பார்த்திருக்கிறாள். நாளை உங்களுக்கும் முழங்கால் வலிக்கும்.

என் பாட்டி புரசைவாக்கத்தில் பூ விற்றவர். எழும்பூர் அருங்காட்சியகத்தை அந்தக் காலத்துச் சென்னையில் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது பாட்டி என்னைச் செத்த காலேஜுக்குக் கூட்டிப்போனார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, ஒரு பலகையையும் படிக்கவில்லை. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே போய் நின்றவர், அண்ணாந்து பார்த்துவிட்டு, பூ அளக்கிற கையை உயர்த்தி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை முழம் போட்டுக்கொண்டே தலைமாட்டிலிருந்து வால்வரை நடந்தார். நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே எண்ணினேன். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது, திரும்பவும் தலைமாட்டுக்கே போனோம். அன்று முழுக்க நாங்கள் பார்த்தது அந்த ஒன்றைத்தான். பிறகு வாசலில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். ஐந்து வயதில் எனக்குப் புரிந்திருக்குமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஆகவே வயதுக் கணக்கை விடுங்கள். கைக்குழந்தையையும் அழைத்துப் போகலாம். யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை இடத்துக்கு என்பதைத்தான் யோசிக்க வேண்டும். 2 நாளில் 5 இடம் என்பது பெரியவர்களுக்கே பட்டியலை முடிக்கிற வேலை. 11.30 மணிக்குப் பெரிய கோயில் முற்றத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்தீர்களே, உங்கள் கால் சுட்டதா இல்லையா? அந்தச் சூட்டில் 4 வயதுக் குழந்தை தூக்கச் சொல்லி அழுததை, வரலாற்றில் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொண்டது உங்கள் தவறு. நடை சாத்துகிற நேரமும் அப்போது நெருங்கிவிடும்.

அரையாண்டு விடுமுறையில் மறுபடியும் போங்கள், ஒரே ஊருக்கு. மாலை 4 மணிக்கு மேல் பெரிய கோயிலுக்குப் போங்கள்; அப்போது தரை ஆறியிருக்கும். விமானத்தின் நிழல் கிழக்கே நீண்டு கிடக்கும். அதன் நிழல் தரையில் விழாது என்ற கதையைக் குழந்தைகளிடம் யாராவது சொல்லி வைத்திருந்தால், அந்த நிழலின் மேலேயே அவர்களை நிற்க வைத்துத் தீர்த்துவிடுங்கள். மாமனாரைக் கைப்பிடித்து மெல்ல அழைத்துப் போய், சுற்றிவர இருக்கிற திருச்சுற்று மாளிகையில் அவருக்குப் பிடித்த இடத்தில் உட்கார வையுங்கள். குழந்தைகள் அவரிடமிருந்து புறப்பட்டு, அவர் சொல்வதைப் பார்த்துவிட்டு, அவரிடமே திரும்பி வந்து சொல்லட்டும். மதில்மேல் நந்தி எத்தனை என்று எண்ணி வா என்றால் உங்கள் மகள் ஓடுவாள். மறுநாள் தாராசுரம் போவதானால் அங்கே காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டு நிற்கிற சிற்பத்தைத் தேடிப் பிடித்து, ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; அது போதும், மீதி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்பதில்லை. அதற்கெல்லாம் முன்னால், ஊருக்குள் நுழைந்ததும் முதலில் அவர் வேலை பார்த்த மதகுக்குப் போங்கள். மகனுக்கு அந்த ஷட்டரைத் தொட்டுக் காட்டும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

பணம் வீண் என்கிற உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தம் அப்பா எந்த மதகில், எத்தனை ஆண்டு இருந்தார் என்று அவருக்கே தெரியுமா என்பதையும் கேளுங்கள். தெரியவில்லையென்றால் அப்பாவிடம் போய்க் கேட்டுவிட்டு வரட்டும், அடுத்த பயணத்தை அதன் பிறகு பேசலாம்.

செருப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய கோயில் வாசலில் காலணிகளைப் பாதுகாக்க ஓர் இடம் இருக்கிறது.