கார்ன்வால் கடலோர நடைக்கு எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. திருச்சியில் சொந்த வீடு, கடன் எதுவும் இல்லை. பென்ஷன் மாதம் 58,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 38,000 போய்விடும். வங்கியில் தலா 5 லட்சத்துக்கு இரண்டு எஃப்டி, 4 லட்சத்துக்கு ஒன்று. அந்த 4 லட்சம் வரும் ஜனவரியில் முதிர்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸிலிருந்து பென்சான்ஸ் வரை, வழிகாட்டி இல்லாமல் நாங்களே கடலோரப் பாதையில் நடக்க ஆசை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் போகலாம் என்று திட்டம். ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் 6 இரவுக்கு ஆளுக்கு 890 பவுண்டு கேட்கிறது. விமான டிக்கெட்டும் சேர்த்தால் மூன்றரை லட்சம் ஆகிறது. எஃப்டியை உடைக்கட்டுமா, பர்சனல் லோன் வாங்கட்டுமா? மனைவிக்கு இறக்கத்தில் மட்டும் முழங்கால் வலிக்கும்.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் மூன்றரை லட்சம் போதாது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிறுவனத்துக்கு இருவருக்குமாக 2,13,600 ரூபாய். டிக்கெட்டுக்கு நீங்கள் போட்டிருப்பது சுமார் 1,40,000. மூன்றரை லட்சம் இங்கேயே தீர்ந்துவிட்டது. இத்தகைய பேக்கேஜில் பெரும்பாலும் காலை உணவு மட்டும்தான் சேர்த்தி. மதியமும் இரவும் ஆளுக்கு 35 பவுண்டு என்றால் ஏழு நாளைக்கு இருவருக்கும் 58,800. லண்டனில் இரண்டு இரவு தங்க 36,000. லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பென்சான்ஸுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம். போகவர 24,000 ஒதுக்குங்கள். விசா, இன்சூரன்ஸ் இரண்டுக்கும் 50,000. எல்லாம் சேர்த்தால் ஐந்தேகால் லட்சத்தை ஒட்டி வருகிறது.

இதற்கு வழி உங்களிடமே இருக்கிறது. ஜனவரியில் வரும் 4 லட்சத்தை மறுபடி நீண்ட கால எஃப்டியில் போடாமல் சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால டெபாசிட்டிலோ வையுங்கள். மாதம் மிஞ்சும் 20,000-ல் 15,000-ஐ ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை ஆர்டியில் போட்டால் 1,20,000. எஃப்டி வட்டியும் சேர்ந்தால் ரூபாய் மதிப்பு கொஞ்சம் இறங்கினாலும் சமாளிக்கலாம். எட்டு மாதத்தில் தேவைப்படும் பணத்தை ஈக்விட்டி ஃபண்ட் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மீதி 10 லட்சம் மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும், அதைத் தொடாதீர்கள். பென்ஷனை நம்பி லோன் வாங்கி ஊர் சுற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊர் திரும்பிய பிறகும் இஎம்ஐ ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், அந்த 890 பவுண்டு எதற்கு என்று பாருங்கள். நடப்பதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுகம் வரை 1,014 கிலோமீட்டர் நீளும் தென்மேற்குக் கடலோரப் பாதை இது. கடத்தல்காரர்களைக் கண்காணிக்க அந்தக் காலக் கடலோரக் காவலர்கள் நடந்து நடந்து உண்டான தடம்தான் பெரும்பகுதி. கட்டணமும் கிடையாது, அனுமதிச் சீட்டும் கிடையாது. நிறுவனம் செய்வது அறைகளைக் கோத்துக் கொடுப்பது, உங்கள் பெட்டியைத் தினமும் அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்புவது, வரைபடம் தருவது. பெட்டி சுமக்கும் வேலையை மட்டும் செய்துதரும் ஆட்களும் அங்கே உண்டு. நீங்களே அறை பிடித்தால் மிச்சம்தான். ஆனால் ஒரு ஊரில் அறை கிடைக்காவிட்டால் சங்கிலியே அறுந்துபோகும். கோடையில் இரண்டு இரவுக்குக் குறைந்து அறை தராத விடுதிகளும் இருக்கின்றன.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது மூன்றாவது வழி: செயின்ட் ஐவ்ஸில் மூன்று இரவு, பென்சான்ஸில் மூன்று இரவு தங்குங்கள். காலையில் பஸ்ஸில் ஒரு இடத்துக்குப் போய் இறங்கி நடந்து, சாயங்காலம் பஸ்ஸிலேயே அறைக்குத் திரும்பிவிடலாம். பெட்டி நகர வேண்டியதில்லை. முழங்கால் மக்கர் செய்தால் அன்றைக்கு நடக்காமல் இருக்கலாம், அறைக்காசும் வீணாகாது. செயின்ட் ஐவ்ஸுக்கும் ஸென்னருக்கும் நடுவே பாறையும் ஏற்ற இறக்கமுமாக, இந்தப் பாதையிலேயே கடினமான துண்டுகளில் ஒன்று இருக்கிறது. பேக்கேஜில் முதல் நாளே அதுதான் வரும். உங்கள் மனைவியை அதில் இறக்கிவிடாதீர்கள். போட்டாலக்கில் செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கும் பழைய தகரச் சுரங்க எஞ்சின் வீடுகளையும், போர்த்கர்னோவையும் விட்டுவிட வேண்டாம். 1870-ல் பிரிட்டனைப் பம்பாயோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறியது போர்த்கர்னோவில்தான்.

இல்லை, நிறுவனம்தான் நிம்மதி என்றால் அதுவும் சரி. ஆனால் முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிடாதீர்கள். பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத்துக்கு 3 மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு தெரிய வழக்கமாக 3 வாரம். மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பாது. முன்பணம் மட்டும் கட்டி, மீதியைப் பயணத்துக்கு எட்டு வாரம் முன்பு கட்டுவதாக மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். செப்டம்பர் நடுவில் பயணம் என்றால் ஜூன் நடுவில் விசாவுக்குப் போட்டு, ஜூலை நடுவில் மீதி. அப்படிச் செய்தால் விசா கிடைக்காவிட்டாலும் முன்பணத்தோடு நஷ்டம் நிற்கும். கேன்சல் செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாகப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேளுங்கள். பேக்கேஜ் பயணங்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் இருக்கிறது.

வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கலாம். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் ரீஃபண்டாக வரும். ஆனால் சில மாதம் கையை விட்டுப் போயிருக்கும். விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது என்பதால் அனுப்பும் வாரத்தில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அங்கே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம்தான். உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பயணிக்கு வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம். உங்களுக்கு சுகர், பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், முழங்காலையும்தான். மலைப்பாதை நடை பாலிசியில் சேருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கைச்செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு போதும், இரண்டு மூன்று தவணையாகப் பவுண்டு ஏற்றிக்கொள்ளலாம். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாகப் போடும் மார்க்கப் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி. கடையில் மெஷின் ரூபாயா பவுண்டா என்று கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள்.